ஈரம் காய்கிற வரைக்கும்

எங்கள் கம்பெனி வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் யாரும் எடுக்கவில்லை. வேலையை விட்டு நின்ற பிறகும் அவ்வப்போது ஒரு போட்டோ வந்துவிடுகிறது. சுவர் அடியில் ஓடுகிற ஒரு மரப்பட்டை, அதில் ஒரு ஓட்டையோ இடைவெளியோ. கீழே, "மோகன் அண்ணா, இதுக்கு இன்னா வெச்சு அடைக்கிறது?" ஒரு வரியில் பதில் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வேன். போன வாரம், புதிதாகச் சேர்ந்த ஒருவர், "அண்ணா, ஒரே தபா முழுசா எழுதிப் போட்டுடுங்க. அப்பால உங்கள பேஜார் பண்ண மாட்டோம்" என்று கேட்டார். எழுதுகிறேன். படித்து முடித்ததும் யாருக்கும் சந்தோஷம் வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தரையும் சுவரும் சேருகிற இடத்தில் ஓடுகிற பட்டைக்கு ஸ்கர்ட்டிங் என்று பேர். தாம்பரம் பக்கத்து வீடுகளில் அது பெரும்பாலும் டைல்ஸ்தான். அதுதான் புத்தி. ஆனால் வெளிநாடு போய் வந்த பிள்ளைகள் அங்கே பார்த்ததை இங்கே கேட்பார்கள். மரத்தில் வேண்டும், தேக்கில் வேண்டும், பாலிஷ் பளபளவென்று இருக்க வேண்டும். நம் ஊர் மரம் ஐப்பசியில் ஈரம் குடித்து உப்பும், சித்திரையில் சுருங்கும், இரண்டுக்கும் நடுவில் கடல் காற்றில் முறுக்கிக்கொள்ளும். போதாததற்கு, வெள்ளிக்கிழமை ஆனால் வாளியில் தண்ணீர் எடுத்துத் தரை முழுக்க ஊற்றிக் கழுவாவிட்டால் நம் வீடுகளில் பலருக்குச் சோறு இறங்காது. அந்தத் தண்ணீர் ஓரத்துக்குத்தான் ஓடும். ஓரத்தில் மரம் இருக்கும். நான் காலம் முழுக்கச் சாப்பிட்ட சோறு அந்தத் தண்ணீரிலிருந்து வந்ததுதான்.

குரோம்பேட்டையில் ஒரு இன்டீரியர் கம்பெனியில் பாலிஷ் போடுகிறவனாகச் சேர்ந்தேன். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து என் கட்டைவிரல் ரேகை அழிந்துபோய், ரேஷன் கடை மெஷின் என்னை நான் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தது. முட்டி அதற்கு முன்பே போய்விட்டது. தொழில் பழகிய காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

எங்கள் சூப்பர்வைசர் தேவராஜ் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சைட்டுக்கு வந்தால் செருப்பை வாசலிலேயே விடுவார். வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே, சிமெண்ட் தூசியில் கூட, செருப்பை விடுவார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்துத் தரையில் போட்டு அதன் மேல் சம்மணம் போட்டு உட்காருவார். நாங்கள் காட்டுகிற ஓட்டையைப் பார்க்க மாட்டார். முதலில் சுவரைப் பார்ப்பார். அந்தப் பக்கம் பாத்ரூமா, ஜன்னலா, வாஷிங் மெஷினா என்று கேட்பார். பிறகு புறங்கையை மரத்தின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். நகத்தால் ஒரு கீறு. கடைசியில்தான் பையிலிருந்து ஈரம் காட்டுகிற மீட்டரை எடுத்து இரண்டு ஊசியையும் மரத்தில் குத்துவார். எல்லாம் முடிந்ததும் ஒரே கேள்வி: "காரணம் நின்னுச்சா?"

ஓட்டை ஏன் வந்தது, அந்தக் காரணம் நின்றுவிட்டதா என்பதுதான் அவர் கேட்பது. நிற்காவிட்டால் ஓட்டை அடைக்கிற பட்டி டப்பாவைத் திறக்க விடமாட்டார்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆணி அடித்த சின்ன ஓட்டைக்கு, பாலிஷ் போடுவதற்கு முன்பானால் அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து வையுங்கள். கொஞ்சம் மேடாக வையுங்கள், காய்ந்தால் உள்ளே இறங்கும், பிறகு உப்புத்தாள் போடலாம். கடையில் விற்கிற மரப் பட்டி நல்லதுதான், ஆனால் அது பாலிஷைக் குடிக்காது. நிறம் கலந்து வைக்காவிட்டால் தேமல் விழுந்த மாதிரி தெரியும். பாலிஷ் முடிந்த பிறகு வந்த ஓட்டை என்றால் நிற மெழுகு. பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் மேலே கோடு மாதிரி விரிகிற இடைவெளிக்குக் கெட்டியாகக் காய்கிற எதையும் வைக்காதீர்கள். அங்கே மரம் அசையும். துப்பாக்கியில் பிதுக்குகிற அக்ரிலிக் பசை வையுங்கள், ஈரவிரலால் இழுத்து விடுங்கள். சிலிகான் வேண்டாம், அதன் மேல் பெயிண்ட் நிற்காது. பெரிய இடைவெளிக்குப் பட்டியே வேண்டாம், அதே மரத்தில் ஒரு சீவல் சீவிப் பசையோடு சொருகுங்கள். உளுத்துப்போன இடத்தை மெத்தென்று இருக்கிற வரைக்கும் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு டப்பாவைக் கலந்து போடுகிற எபாக்சி. பெயிண்டர் மிச்சம் வைத்துவிட்டுப் போன சுவர்ப் பட்டியை மரத்தில் அப்புகிறவனோடு என்னைப் பேசச் சொல்லாதீர்கள்.

இவ்வளவுதான். யூடியூபிலும் இதெல்லாம் கிடைக்கும். காரணம் நின்றதா என்பதுதான் கிடைக்காது.

படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேடையைச் சுற்றி மரப்பட்டை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். பட்டை முழுக்கக் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். ஓனர் கையில் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். தேவராஜ் சார் உட்கார்ந்தார், புறங்கையை வைத்தார், பிறகு ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது நகத்தில் கரையான் மண். "சார், இதுல அடைக்கிறதுக்கு மரமே இல்ல. பெயிண்ட் மட்டும்தான் நிக்குது. கரையானுக்கு மருந்து அடிக்கிறவர மொதல்ல கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். ஓனர் கத்தினார். வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவேன் என்றார். சார் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மனிதன் தன் விதியை விட்டுக் கொடுக்காமல் இருப்பது நல்லது என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் சேலையூர் வீடு இருக்கிறது.

சேலையூரில் ஒரு அடுக்கு மாடியில் தரைத்தளம். ராமநாதன் சார், அவர் மனைவி சரோஜா அம்மா. சார் அரசாங்க ஆபீஸில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே பிள்ளை கார்த்திக், வெளிநாட்டில். அவர்தான் வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தார். தரை டைல்ஸ், ஓரம் மட்டும் தேக்கு. அந்தத் தேக்கை நான்தான் பாலிஷ் போட்டேன். பிறகு ஒவ்வொரு வருஷமும் கோடை வந்தால் ராமநாதன் சார் கூப்பிடுவார். மூலையில் ஒரு இணைப்பு விட்டிருக்கும், கீழ் ஓரம் வெளுத்திருக்கும். போய்ச் சரி செய்துவிட்டு வருவேன்.

அவர் என்னை வைத்துக்கொண்டு மனைவியைக் குற்றம் சாட்டுவார். "மோகன், நீயே சொல்லு. இது மரம். மரத்துல வாளி வாளியா ஊத்துனா என்ன ஆகும்? நான் வாக்கிங் போற நேரம் பார்த்து ஊத்தறா."

"நான் எங்க ஊத்தினேன்? ஈரத்துணிதான் போட்டேன்" என்று சரோஜா அம்மா காபியை நீட்டிக்கொண்டே சொல்வார். தம்ளர் என் கைக்கு வரும்போது கணவருக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரிப்பார். வெள்ளிக்கிழமை மகாலட்சுமி வருகிற நாள், தூசியில் வரச் சொல்வதா என்பது அவர் கட்சி. மகாலட்சுமிக்காகத் தேக்கைக் கெடுப்பதா என்பது இவர் கட்சி. நான் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டுக் காபியைக் குடிப்பேன்.

ஒரு ஐப்பசியில் அந்த அம்மா இறந்துபோனார். நெஞ்சுவலி, குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே. நான் போயிருந்தேன். உடலை எடுத்துக்கொண்டு எல்லோரும் வாசலைத் தாண்டியதும், வழக்கப்படி உறவுக்காரப் பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். வாளி வாளியாக. ராமநாதன் சார் காலம் முழுக்கத் தடுத்த தண்ணீர் எல்லாம் ஒரே நாளில் அந்த வீட்டில் ஓடியது. வெளியே மழை வேறு. தண்ணீர் வெளியே போக இடமில்லாமல் ஓரத்திலேயே நின்றது.

காரியம் முடிந்த மறுநாள் கார்த்திக் என்னைக் கூப்பிட்டார். பட்டைகள் உப்பிச் சுவரை விட்டு வளைந்து வந்திருந்தன. ஆணித் தலைகள் வெளியே தெரிந்தன.

"மோகன், நான் அடுத்த வாரம் கிளம்பறேன். அதுக்குள்ள முடிச்சிடுங்க. வீட்டை ரென்ட்டுக்கு விடப் போறேன். அப்பாவுக்குப் படப்பை தாண்டி ஒரு சீனியர் ஹோம் பாத்திருக்கேன். சாப்பாடு, டாக்டர் எல்லாம் அங்கயே இருக்கு. தனியா எப்படி விட்டுட்டுப் போறது?"

கெட்ட பிள்ளை இல்லை. ராமநாதன் சார் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஈர மரத்துல எத வெச்சாலும் நிக்காது. இப்ப அடைச்சா காயறப்போ மரம் சுருங்கும், வெச்சதெல்லாம் பேந்து கையோட வந்துடும்" என்றேன். அது உண்மை. யாருக்காகவும் சொன்னதில்லை.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டது பிள்ளை இல்லை, அப்பா.

"தை ஆயிடும் சார். ஜன்னலெல்லாம் தொறந்து வெச்சா."

அந்த மனிதர் முகத்தில் பதின்மூன்று நாட்களாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. "அப்போ தினமும் யாராவது ஜன்னலைத் திறந்து மூடணுமே, கார்த்தி. மழை வந்தா சாத்தணும். பூட்டி வெச்சா பூஞ்சை பிடிச்சிடும். தை வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்."

பிள்ளை யோசித்தார். சரி, மரம் காய்கிற வரைக்கும் என்று ஒத்துக்கொண்டார். நான் மாதம் ஒரு தரம் வந்து பார்த்து அவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. விமானம் ஏறிவிட்டார்.

கார்த்திகையில் போனேன். ஈரம். மழைக்காலம், அப்படித்தான் இருக்கும். மார்கழியில் கொஞ்சம் குறைந்திருந்தது. தையில் போனபோது புறங்கையை வைத்த உடனே எனக்குச் சந்தேகம் வந்தது. மரம் ஜில்லென்று இருந்தது. நகத்தால் கீறினேன், உள்ளே போனது. மார்கழியை விட ஈரம் அதிகம். வெளியே பத்து நாளாக வெயில் காய்கிறது.

பாத்ரூம் பக்கம் போனேன். வாளி கவிழ்த்து வைத்திருந்தது, அடியில் இன்னும் ஈரம். வீடு முழுக்க ஃபினாயில் வாசனை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

ராமநாதன் சார் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். வேட்டி முட்டி வரைக்கும் நனைந்திருந்தது.

"அவ கழுவுவா இல்ல, மோகன்" என்றார். "வெள்ளிக்கிழமை."

"சார், மரம்..."

"தெரியும்."

அந்த அம்மா நினைவுக்காகக் கழுவினாரா, மரம் காயக் கூடாது என்று கழுவினாரா, எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமா என்பதும் தெரியாது. எழுபத்தெட்டு வயதில், வாளி தூக்கி, குனிந்து, துடைப்பத்தால் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளுகிற மனிதரிடம் எதைக் கேட்பது? கார்த்திக்குக்குப் போன் செய்து, "இன்னும் ஈரமாதான் கீது சார்" என்றேன். அதுவும் உண்மைதான்.

மாசி வந்தது. அதே பதில். பிள்ளைக்குப் பொறுமை போய் நேராகக் கம்பெனிக்குப் போன் செய்துவிட்டார். ஹோமில் இடம் வைத்துக்கொண்டே இருக்க மாட்டார்களாம், வாடகைக்கு வருகிறவர்களும் காத்திருக்கிறார்களாம். அடுத்த நாள் தேவராஜ் சார் என்னோடு சேலையூருக்கு வந்தார்.

செருப்பை வாசலில் விட்டார். கைக்குட்டையை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். பாத்ரூம் சுவர் இல்லை, வெளிச்சுவரும் இல்லை. புறங்கையை வைத்துக் கண்ணை மூடினார். வழக்கத்தை விட அதிக நேரம் மூடியிருந்தார். மீட்டரைக் குத்தினார், கொஞ்சம் தள்ளி இன்னொரு தரம் குத்தினார். பட்டையின் கீழ் விளிம்பில் ஒரே அளவில் ஓடிய வெள்ளைக் கோட்டை விரலால் கடைசி வரைக்கும் தடவிக்கொண்டே போனார். மேலே காய்ந்திருக்கிறது, அடியில் மட்டும் ஈரம். சுவரில் கசிவு இருந்தால் இப்படி வராது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

ராமநாதன் சார் காபி கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். இருவரும் அப்படியே குடித்தோம்.

வாசலுக்கு வந்து தேவராஜ் சார் போனை எடுத்தார். நான் தடுத்தேன்.

"சார், ஒரு தபா விட்டுடுங்க சார். அவரு ஒண்டி மனுஷன். அந்த அம்மா வாழ்ந்த வூடு. இன்னும் ரெண்டு மாசம் ஈரம்னு சொன்னா இன்னா கெட்டுடப் போவுது?"

"மோகன், நாம மரம் பாக்க வந்தோம்."

"எபாக்சி வெச்சிடலாம் சார், இல்ல புடுங்கிப் போட்டுட்டு டைல்ஸ் ஒட்டிடலாம்..." சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே விளங்கியது. அப்படிச் செய்தால் வீடு நாளைக்கே தயார். அவர் நாளைக்கே கிளம்ப வேண்டும். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மனதில் ஒரு சுற்று எடுத்துப் பார்த்தேன், மெழுகு, தூள், சீவல், பிதுக்குகிறது, கலக்குகிறது. எதை எடுத்தாலும் அந்த மனிதர் வெளியே போகிற வழிதான் திறந்தது.

தேவராஜ் சார் போனில் பேசினார். சத்தமே இல்லாமல், எப்போதும் போல. "சார், காரணம் நிக்காம அடைக்க முடியாது. தினமும் தரையில தண்ணி படுது. ஆள் இருக்கிற வரைக்கும் இது காயாது. வீட்டைக் காலி பண்ணி, ஜன்னல் மட்டும் கொஞ்சம் தொறந்து வெச்சுப் பூட்டுங்க. பங்குனியில எங்க ஆளு வந்து முடிச்சுடுவாரு." தினமும் இல்லை, வாரம் ஒரு நாள்தான். அதைக் கூட நான் திருத்திச் சொல்லவில்லை. எந்தப் பிரயோசனமும் இல்லை.

மரத்தைக் காய விடாமல் அவரை அங்கே வைத்திருந்த தண்ணீர்தான் கடைசியில் அவரை வெளியேயும் அனுப்பியது. சும்மா இருந்திருந்தாலும் தையிலேயே மரம் காய்ந்து, அவர் கிளம்ப வேண்டியிருந்திருக்கும். எங்கள் தொழிலில் தப்பு எதுவும் நடக்கவில்லை, எல்லாம் முறைப்படிதான் நடந்தது, அதனால்தான் மனசு இன்னும் ஆறவில்லை.

அந்த வாரமே கார் வந்தது. பிள்ளை போனில் அவரிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "மரம் காயற வரைக்கும்தாம்ப்பா. காஞ்சு, வேலை முடிஞ்சதும் பாத்துக்கலாம்." பாத்துக்கலாம் என்றுதான் சொன்னார். திரும்பி வரலாம் என்று சொல்லவில்லை. ராமநாதன் சார் அதை எப்படிக் கேட்டுக்கொண்டாரோ அப்படிக் கேட்டுக்கொண்டார்.

பிறகு வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் போன் வர ஆரம்பித்தது.

"மோகன், காஞ்சிடுச்சா?"

"காயுது சார்."

"இங்க நல்ல வெயில். அங்கயும் வெயில்தானே?"

"வெயில்தான் சார்."

ஈரமாக இருக்க வேண்டும் என்று இருந்தவர், இப்போது காய வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் வெயிலைக் கேட்டார். சாப்பாடு எப்படி என்று நான் கேட்டால், அதை விட்டுவிட்டு மரத்துக்கே வருவார்.

பங்குனியில் பூட்டைத் திறந்தேன். வீடு அனலாகக் காய்ந்திருந்தது. மீட்டர் நல்லபடியாகக் காட்டியது. பட்டைகள் தாமாகவே சுவரோடு பாதி ஒட்டி வந்திருந்தன. வளைந்தவற்றைத் திருகாணி போட்டு உள்ளே இழுத்தேன். மூலைகளுக்கு அதே தேக்கில் சீவல் சீவிச் சொருகினேன். பழைய ஆணி ஓட்டைகளுக்கு அந்தப் பட்டையிலிருந்தே தேய்த்தெடுத்த தூளைப் பசையில் குழைத்து வைத்தேன். மேல் கோட்டுக்கு அக்ரிலிக் பிதுக்கி ஈரவிரலால் இழுத்தேன். கீழ் விளிம்பு வெளுப்பை ரொம்ப நேரம் தேய்த்து, நிறம் கலந்து, பாலிஷ் மேல் பாலிஷ் விட்டேன். என் வாழ்க்கையில் அதை விட நல்ல வேலை நான் செய்ததில்லை. தேவராஜ் சார் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினார். எங்கேயும் விரல் நிற்கவில்லை. "ம்" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் ஒருவரும் வாங்கியதில்லை.

வாசலில் லாரி வந்து நின்றிருந்தது. வாடகைக்கு வருகிறவர்கள் நல்ல நாள் பார்த்துச் சாமானை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அன்றைக்கும் வெள்ளிக்கிழமை.

"மோகன், காஞ்சிடுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "காஞ்சிடுச்சு சார். வேலையும் முடிஞ்சுது."

"நல்லா வந்திருக்கா?"

"நல்லா வந்திருக்கு சார். எங்க விட்டிருந்துச்சுன்னே தெரியல."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "அப்போ நான் வரலாம் இல்லையா?"

எனக்குப் பின்னால் பீரோவை எந்தச் சுவர் ஓரம் வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். நான் ஏன் பேசவில்லை என்பதை அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

"ஊத்த மாட்டேம்ப்பா" என்றார். "கார்த்தி கிட்ட நீ சொல்லு. ஈரத்துணி கூடப் போட மாட்டேன். வெறுமனே பெருக்கிட்டு மட்டும் இருக்கேன்னு சொல்லு."